20 ஆண்டு கவர்ன்மென்ட் வேலையை விட்ட பிரேம்சந்த்: அந்த ராஜினாமாவின் விலை என்ன?

1921 பிப்ரவரி 8. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் காந்தி பேசுகிறார். மைதானம் கொள்ளாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் 40 வயது பள்ளி ஆசிரியர் ஒருவரும் மனைவி, பிள்ளைகளோடு இருக்கிறார். உடம்பு சரியில்லை. நாள்பட்ட வயிற்றுக் கோளாறு ஆளைப் பாதியாக்கியிருந்தது. பெயர் தன்பத் ராய். கவர்ன்மென்ட் வேலை, 20 வருஷ சர்வீஸ், மாதம் பிறந்தால் சம்பளம்.

அரசு வேலையை விட்டு வெளியே வாருங்கள் என்பது அன்றைய ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பு. அடுத்த சில நாட்களில் அந்த ஆசிரியர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார்.

அவரைத்தான் உலகம் பிரேம்சந்த் என்ற பெயரில் அறிகிறது. இந்தக் கதையை பலரும் ஒரு நாள் வீரமாகச் சொல்வார்கள். காந்தி கூப்பிட்டார், இவர் தூக்கி எறிந்தார், பெரிய எழுத்தாளர் ஆனார் என்று. நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த முடிவுக்கு வர 20 வருஷம் ஆனது. அதற்கான விலையைக் கொடுத்து முடிக்க மீதி 15 வருஷம் ஆனது.

யார் இந்த பிரேம்சந்த்?

இந்தி, உருது இரண்டிலும் நவீன சிறுகதைக்கும் நாவலுக்கும் அடித்தளம் போட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர். சுமார் 300 சிறுகதைகள், பத்துக்கும் மேற்பட்ட நாவல்கள். சத்யஜித் ராய் 1977-ல் எடுத்த 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' இவருடைய கதைதான்.

தமிழுக்கும் இவருக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமி திரையில் அறிமுகமான 'சேவாசதனம்', 1938-ல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் வந்த படம். அதன் மூலக்கதை பிரேம்சந்தின் நாவல். அந்த நாவலை தன்பத் ராய் எழுதியது கவர்ன்மென்ட் வேலையில் இருந்தபோது. அதை மறந்துவிடக் கூடாது.

வேலை அவருக்கு எப்படிக் கிடைத்தது?

பிறந்தது 1880 ஜூலை 31, வாரணாசி பக்கத்தில் லமஹி என்ற கிராமம். அப்பா தபால் துறையில் கிளார்க். எட்டு வயசு வாக்கில் அம்மா இறந்துபோனார். 15 வயசில் கல்யாணம் செய்துவைத்தார்கள். சில ஆண்டுகளில் அப்பாவும் போய்விட்டார். சிற்றன்னை, அவருடைய பிள்ளை, ஒத்துப்போகாத மனைவி என்று மொத்தக் குடும்பமும் படிப்பை முடிக்காத ஒரு பையன் தலையில் வந்து விழுந்தது.

வாரணாசியில் ஒரு வக்கீல் வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுத்தார். மாசம் 5 ரூபாய். தங்கியது குதிரை லாயத்துக்கு மேலே இருந்த சின்ன அறையில். அந்த 5 ரூபாயிலும் ஒரு பகுதி வீட்டுக்குப் போனது. மிச்சத்தில் சாப்பாடும் கடனும்.

ஒரு நாள் கையில் காசே இல்லை. இரண்டு ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்த கணக்குப் புத்தகத்தின் விடைக் கையேட்டை, பழைய புத்தகக் கடையில் ஒரு ரூபாய்க்கு விற்றார். அங்கே நின்றிருந்த ஒருவர் இவரிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் ஒரு மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர். சுனார் என்ற ஊரில் 18 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியர் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். 1899-ல் வேலைக்குப் போனார். அடுத்த வருஷமே பஹ்ராய்ச் அரசுப் பள்ளியில் 20 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் அடுத்த 20 வருஷத்தின் கணக்கு புரியும். பிரேம்சந்துக்கு மாசச் சம்பளம் என்பது சலிப்பூட்டும் விஷயமே இல்லை. பட்டினிக்கும் தன் குடும்பத்துக்கும் நடுவில் நின்ற ஒரே சுவர் அதுதான்.

வேலையும் எழுத்தும் சேர்ந்து ஓடியது எப்படி?

இன்றைக்கு சைடு ஹஸில் என்கிறோமே, அதைத்தான் அவர் 20 வருஷம் செய்தார். பகலில் பள்ளிக்கூடம், மிச்ச நேரத்தில் எழுத்து. 1905-ல் கான்பூருக்கு மாற்றல் வந்தது பெரிய திருப்பம். அங்கே 'ஜமானா' என்ற உருதுப் பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்த தயா நாராயண் நிகம் அவருக்கு நெருங்கிய நண்பரானார். அந்தப் பத்திரிகையில் 'நவாப் ராய்' என்ற பெயரில் தொடர்ந்து எழுத ஆரம்பித்தார்.

சொந்த வாழ்க்கையிலும் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். முதல் மனைவி பிரிந்து போய்விட்டார். 1906-ல் சிவராணி தேவியை மணந்தார். சிவராணி சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். விதவை மறுமணம் என்றாலே ஊர் முகம் சுளித்த காலம் அது.

வேலையில் மெல்ல மெல்ல உயர்ந்து, 1909-ல் ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளிகளின் துணை ஆய்வாளர் ஆனார். கிராமம் கிராமமாகச் சுற்ற வேண்டிய வேலை. கண்ட இடத்தில் தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு வயிறு கெட்டது. கடைசி வரை அது சரியாகவில்லை. ஆனால் அந்தச் சுற்றலில்தான் நிலவரி, வட்டிக்கடை, ஜாதி, பஞ்சாயத்து எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தார். பின்னாளில் அவர் கதைகளில் வந்த கிராமங்களில் பலவற்றைக் காட்டிக் கொடுத்தது இந்த உத்தியோகம்தான்.

அரசு உத்தியோகம் வீட்டில் என்ன பேச்சைக் கிளப்பும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். 'நமக் கா தாரோகா' கதையில், வேலை தேடிக் கிளம்பும் மகனுக்கு அப்பா சொல்லும் அறிவுரை சம்பளத்தைப் பற்றியே இல்லை. மேல்வரும்படி எங்கே கிடைக்கும் என்று பார் என்பதுதான். மகனோ லஞ்சம் வாங்க மறுத்து வேலையை இழக்கிறான். வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் படிக்கும் கதை இது.

கலெக்டர் ஏன் கூப்பிட்டு அனுப்பினார்?

1908-ல் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 'சோஸ்-எ-வதன்' வந்தது. ஐந்து கதைகள், எல்லாவற்றிலும் தேசப்பற்று. ஆசிரியர் பெயர் நவாப் ராய் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அந்த நவாப் ராய் யார் என்று அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது.

மாவட்டக் கலெக்டரிடமிருந்து அழைப்பு வந்தது. மேஜையில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு கதைக்கும் அர்த்தம் சொல்லச் சொல்லிக் கேட்டார் கலெக்டர். கடைசியில் இது ராஜதுரோகம் என்று முடித்தார். முகலாயர் ஆட்சியாக இருந்திருந்தால் கை போயிருக்கும் என்று மிரட்டலும் விழுந்தது. விற்காமல் கிடந்த சுமார் 700 பிரதிகளை ஒப்படைக்க வேண்டும், இனி எதை எழுதினாலும் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று உத்தரவு. ஒப்படைத்த பிரதிகள் நெருப்புக்குப் போயின.

ஒரு கதையோ கட்டுரையோ எழுதினால், அது முதலில் கலெக்டர் மேஜைக்குப் போக வேண்டும். மாசத்துக்குப் பல துண்டுகள் எழுதும் ஒருவருக்கு இது நடக்கிற காரியமா? பெயரை மாற்றிக்கொள் என்று வழி சொன்னார் நிகம். அவர் எடுத்துக் கொடுத்த பெயர்தான் பிரேம்சந்த். 1910 டிசம்பரில் 'படே கர் கீ பேட்டி' என்ற கதை அந்தப் பெயரில் வெளியானது. இந்தியாவின் மிகப் பிரபலமான புனைபெயர்களில் ஒன்று, வேலையையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்றிக்கொள்ள வைத்தது.

அப்போதே ஏன் வேலையை விடவில்லை?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. புத்தகத்தை எரித்தார்கள், மிரட்டினார்கள். அப்படியும் இன்னும் 11 வருஷம் அதே வேலையில் இருந்தார்.

காரணம் எளிது. எழுத்து அப்போது சோறு போடவில்லை. பத்திரிகைகள் கொடுத்தது சொற்பம், சில சமயம் அதுவும் இல்லை. அதனால் அவர் வேறு விதத்தில் தயாரானார். விட்டுப்போன படிப்பை வேலை பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். 1916-ல் இன்டர்மீடியட், 1919-ல் பி.ஏ. அப்போது வயசு 39.

எழுதும் மொழியிலும் ஒரு மாற்றம் செய்தார். உருதுவில் பதிப்பாளர் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. இந்தியில் வாசகர் கூட்டம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 'பாஜார்-எ-ஹுஸ்ன்' என்று உருதுவில் எழுதிய நாவலை 'சேவாசதன்' என்று இந்தியில் முதலில் கொண்டுவந்தார். கல்கத்தாவைச் சேர்ந்த பதிப்பகம் ஒன்று அதற்கு 450 ரூபாய் கொடுத்தது. தொடக்கத்தில் வாங்கிய சம்பளத்தோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரண்டு வருஷச் சம்பளம். எழுத்தால் பிழைக்க முடியும் என்ற நம்பிக்கை முதல் முறையாக வந்தது இங்கேதான்.

ஆக, 1921-ல் ராஜினாமா கடிதம் எழுதியவர் கனவு மட்டும் வைத்திருந்த இளைஞர் இல்லை. கையில் பட்டம், பெயர், வாசகர்கள், ஒரு வெற்றி பெற்ற நாவல் எல்லாம் இருந்தன.

சிவராணி என்ன சொன்னார்?

அப்படியும் பயம் இல்லாமல் இல்லை. முந்தின வருஷம்தான் ஒரு கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார்கள். வீட்டில் மகள் கமலாவும் மகன் ஸ்ரீபத்தும் இருந்தார்கள். இளைய மகன் அம்ரித் ராய் பிறந்தது அதே 1921-ல். மாசம் நூறு ரூபாய்க்கு மேல் வந்துகொண்டிருந்த சம்பளம் நிற்கப்போகிறது. பென்ஷனும் போகும். கணவருக்கோ உடம்பு முடியவில்லை.

பிரேம்சந்த் தானாக முடிவெடுத்துவிட்டு வீட்டில் வந்து அறிவிக்கவில்லை. மனைவியிடம் கேட்டார். சிவராணி யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டு, பிறகு விட்டுவிடுங்கள் என்று சொன்னார். கணவர் இறந்த பிறகு 1944-ல் அவர் எழுதி வெளியிட்ட நினைவு நூலில் இந்த நாட்கள் பதிவாகியுள்ளன. ராஜினாமா கடிதத்தில் ஒரு கையெழுத்துதான் இருந்தது. ஆனால் முடிவு இரண்டு பேருடையது.

விட்ட பிறகு என்ன நடந்தது?

முதலில் சர்க்கா செய்து விற்கும் முயற்சி. ஓடவில்லை. கிராமத்துக்குத் திரும்பி எழுத்தை மட்டும் நம்பி இருப்பதும் கட்டுப்படியாகவில்லை. சில மாசத்திலேயே கான்பூரில் ஒரு தனியார் பள்ளியில் தலைமை ஆசிரியராகச் சேர்ந்தார். நிர்வாகத்தோடு ஒத்துப்போகாமல் 1922 தொடக்கத்தில் அதையும் விட்டார்.

அதே மாசம் இன்னொரு அடி. கோரக்பூர் மாவட்டத்தின் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் போலீஸார் இறந்தார்கள். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திவிட்டார். எந்த இயக்கத்துக்காக வேலையை விட்டாரோ, அந்த இயக்கம் ஒரே வருஷத்தில் நின்றுபோனது. விட்ட வேலை திரும்பி வரவில்லை.

பிறகு 'மர்யாதா' பத்திரிகையில் கொஞ்ச காலம், காசி வித்யாபீடத்தில் கொஞ்ச காலம். 1923-ல் வாரணாசியில் சொந்தமாக 'சரஸ்வதி பிரஸ்' தொடங்கினார். உறவினர்கள், நண்பர்கள் பணமும் அதில் இருந்தது. தன் புத்தகத்தைத் தானே அச்சிடலாம், யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது திட்டம். நடந்தது வேறு. அச்சகம் தொடங்கிய நாளிலிருந்தே நஷ்டம். எழுத்தில் வந்த பணம் அச்சகத்துக்குள் போனது. திரும்பி வரவே இல்லை. எழுதத் தெரிந்தவருக்குத் தொழில் நடத்தவும் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே.

400 ரூபாய், பங்களா, கார்: ஏன் மறுத்தார்?

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் அல்வார் மகாராஜாவிடமிருந்து அழைப்பு வந்தது. மாசம் 400 ரூபாய், தங்க பங்களா, போக வர கார். அரண்மனையோடு இருந்தால் போதும். பிரேம்சந்த் மறுத்துவிட்டார்.

ஆனால் 1927-ல் லக்னோவின் 'மாதுரி' பத்திரிகை ஆசிரியர் வேலையை ஏற்றுக்கொண்டார். அதுவும் மாசச் சம்பள வேலைதான். முதலாளி பெரிய அச்சக நிறுவனம்தான். அப்படியானால் ராஜாவிடம் மறுத்தது ஏன், இதை ஏற்றது ஏன்?

அவர் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. வேலையா, எழுத்தா என்று அவர் பார்க்கவில்லை. இந்த வேலையில் இருந்தால் என் எழுத்து யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று பார்த்தார். கலெக்டரிடம் கேட்க வேண்டியிருந்தது, பெயரை மாற்றினார், பிறகு வேலையையே விட்டார். ராஜாவிடம் கேட்க வேண்டியிருக்கும், போகவே இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் அந்தத் தொந்தரவு குறைவு, அதனால் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார். சம்பளம் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சலாக ஒருநாளும் இருந்ததில்லை.

பம்பாய் சினிமா கைகொடுத்ததா?

1930-ல் 'ஹன்ஸ்' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். 1932-ல் 'ஜாகரண்' பத்திரிகையையும் எடுத்து நடத்தினார். இரண்டுமே கையைக் கடித்தன. பிரிட்டிஷ் அரசு ஜாமீன் தொகை கட்டச் சொல்லி நெருக்கியது. கடன் ஏறிக்கொண்டே போனது.

1934-ல் பம்பாயின் அஜந்தா சினிடோன் நிறுவனம் கதை எழுதக் கூப்பிட்டது. வருஷத்துக்கு 8,000 ரூபாய். இந்த முறை ஒத்துக்கொண்டார். அச்சகக் கடனை அடைக்க வேறு வழி தெரியவில்லை. 53 வயசில் தெரியாத ஊர், தெரியாத தொழில்.

'மஸ்தூர்' என்ற படத்துக்குக் கதை எழுதினார். மில் தொழிலாளர் பிரச்சினை பற்றிய படம். ஒரு சின்ன வேஷத்திலும் நடித்தார். பம்பாயில் தணிக்கை அதை முடக்கிவிட்டது. இதில் ஒரு கசப்பான பொருத்தமும் உண்டு. அவர் தொழிலாளர் கதை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், வாரணாசியில் அவருடைய சொந்த அச்சகத் தொழிலாளர்கள் சம்பள பாக்கிக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர் தேடிய சுதந்திரத்தின் விலையில் ஒரு பங்கை அவர்களும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சினிமா சரிப்பட்டு வரவில்லை. கதையில் எது இருக்க வேண்டும், எது கூடாது என்று முடிவு செய்தது தயாரிப்பாளர்தான். இங்கேயும் அதே அனுமதிப் பிரச்சினை. ஒரு வருஷம்கூட முழுசாக முடியாமல் 1935 ஏப்ரலில் ஊர் திரும்பினார்.

கடைசி வருஷம் எப்படி இருந்தது?

1936-ல் 'கோதான்' வெளியானது. ஒரு பசு மாடு வாங்க ஆசைப்பட்டு, கடனிலேயே மூழ்கிச் செத்துப்போகும் ஹோரி என்ற விவசாயியின் கதை. இந்தி நாவலின் உச்சங்களில் ஒன்று என்று இன்றும் படிக்கப்படுகிறது. கடன் ஒரு மனுஷனை எப்படி அரிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் லக்னோவில் நடந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

'ஹன்ஸ்' அப்போது பாரதிய சாகித்ய பரிஷத் என்ற அமைப்பின் பொறுப்புக்குப் போயிருந்தது. அரசு மறுபடியும் ஜாமீன் தொகை கேட்டது. கட்டுவதைவிட பத்திரிகையை நிறுத்திவிடலாம் என்று பரிஷத் முடிவு செய்தது. படுத்த படுக்கையாக இருந்த பிரேம்சந்த், பணத்தைக் கட்டச் செய்து பத்திரிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். லாப நஷ்டம் பார்த்தால் எந்தக் கணக்காளரும் ஒத்துக்கொள்ளாத முடிவு.

1936 அக்டோபர் 8-ல் இறந்தார். வயசு 56. 'மங்கள்சூத்ரா' என்ற நாவல் பாதியில் நின்றது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்?

வேலையில் இருந்த 20 வருஷத்தில் 'சேவாசதன்' வந்தது, 'பஞ்ச் பரமேஸ்வர்' போன்ற கதைகள் வந்தன. வேலையை விட்ட 15 வருஷத்தில் 'ரங்பூமி', 'நிர்மலா', 'கபன்', 'கர்மபூமி', 'கோதான்' ஆகிய நாவல்களும் 'ஈத்கா', 'பூஸ் கீ ராத்', 'சத்கதி', 'கஃபன்' ஆகிய கதைகளும் வந்தன. எது பலமான பட்டியல் என்று இந்தி வாசகரிடம் கேட்டால் யோசிக்காமல் இரண்டாவதைக் காட்டுவார். ஆனால் முதல் 20 வருஷம் இல்லாமல் இரண்டாவது பட்டியல் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அந்தக் கிராமங்களைக் காட்டியது ஆய்வாளர் வேலை. அந்த வருஷங்களில் வீட்டில் அடுப்பு எரிந்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

மறுபக்கமும் உண்மை. ராஜினாமா செய்யாமல் இருந்திருந்தால் வயசான காலத்தில் பென்ஷன் வந்திருக்கும், கடன் இருந்திருக்காது, மருத்துவத்துக்குப் பணம் இருந்திருக்கும். சிவராணி இவ்வளவு பாரம் சுமந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கதையும் மேலதிகாரியின் கண்ணுக்குத் தப்பித்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

நஷ்டத்திலேயே ஓடிய அந்த 'ஹன்ஸ்', இடையில் நின்றுபோய், 1986-ல் எழுத்தாளர் ராஜேந்திர யாதவின் முயற்சியால் மறுபடியும் தொடங்கியது. தொடங்கிய நாள் ஜூலை 31. பிரேம்சந்த் பிறந்தநாள்.